அறுபது யூனிட் கணக்கு

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா
ஜூன் மாதக் கடைசி

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் கல்லூரிக்குப் போய்க் கணக்குப்பதிவியல் எடுக்கிறாய் என்று படித்தபோது, விடுதி அறையில் பற்று எது, வரவு எது என்று மூன்று முறை சொல்லிக்கொடுத்தும் எனக்கு விளங்காமல் தலையில் அடித்துக்கொண்டவன் கண்முன் வந்து நின்றான். அதே பாடத்துக்குத்தான் இப்போதும் உன் உதவி தேவைப்படுகிறது. இந்த முறை எனக்கல்ல, சின்னவளுக்கு.

அவள் வணிக நிர்வாகம் படிப்பதென்று முடிவு செய்துவிட்டாள். நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேராமல், முதல் இரண்டு ஆண்டுகளை இங்குள்ள கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் படித்து அசோசியேட் பட்டம் வாங்கிக்கொண்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறப் போகிறாள். இதைக் கேட்டதும் சென்னையிலிருக்கும் என் அக்கா, “மார்க் குறைஞ்சுபோச்சா?” என்று தொலைபேசியில் துக்கம் விசாரித்தார். மார்க் குறையவில்லை. இந்த மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. பாடங்களின் எடையை இங்கே யூனிட் கணக்கில் அளக்கிறார்கள்; மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். பட்டத்துக்கு 60 யூனிட் வேண்டும் என்பதால் மொத்தக் கட்டணம் 2,760 டாலர்தான். முதன்முறையாகக் கல்லூரியில் சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு அதையும் இரண்டாண்டுகளுக்குத் தள்ளுபடி செய்யும் கல்லூரிகள் பல உண்டு. அக்காவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை.

செலவை விட எங்களைத் திணறடித்தது பாடங்களைத் திட்டமிடும் வேலைதான். நாம் படித்த காலத்தில் இந்த செமஸ்டருக்கு இந்த ஆறு தாள் என்று பல்கலைக்கழகமே அச்சடித்துக் கொடுத்துவிடும். தவறினால் அரியர் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விடலாம். இங்கே அப்படி இல்லை. கல்லூரி ஒரு பெரிய பட்டியலைக் கையில் கொடுக்கிறது. எதை எப்போது படிப்பது என்பதை மாணவரே தீர்மானிக்க வேண்டும். ஒரு பாடத்தில் தவறினால் அதை அடிப்படையாகக் கொண்ட அடுத்த பாடத்தில் பெயரே பதிவு செய்ய முடியாது. கடந்த மூன்று வாரமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டுகளை விட அட்டவணைத் தாள்களே அதிகம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2010இல் இந்த மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, மாறுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட அசோசியேட் பட்டத்தை 60 யூனிட்டில் முடித்தவருக்குக் கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி அமைப்பில் மூன்றாம் ஆண்டு மாணவராக இடம் உறுதி. அங்கே மீதி 60 யூனிட்டில் இளநிலைப் பட்டத்தை முடித்துவிடலாம். கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த உறுதி அமைப்பு முழுவதற்குமே தவிர, நாம் விரும்பும் வளாகத்துக்கு அல்ல. சின்னவள் கண் வைத்திருக்கும் சான் ஹோசேயில் இடத்துக்கு நெருக்கடி அதிகம். அங்கே மதிப்பெண்தான் பேசும். பெர்க்லி, டேவிஸ் போன்ற வளாகங்களைக் கொண்ட யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவோ வேறு அமைப்பு. அதன் எதிர்பார்ப்புகளும் வேறு. ஆகவே எந்தக் கல்லூரிப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று காட்டுகிற ‘அசிஸ்ட்’ என்ற அதிகாரபூர்வ இணையதளத்தைத் திறந்து, அவள் விரும்பும் மூன்று வளாகங்களுக்கும் பொதுவாக உள்ள பாடங்களை முதலில் குறித்துக்கொண்டோம். முதல் செமஸ்டரிலிருந்து முன்னோக்கிப் போவதை விட்டு, மூன்றாம் ஆண்டின் வாசலில் நின்று பின்னோக்கி எண்ணத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஏதோ பிடிபட்டது.

அப்படி எண்ணும்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. மாறுவதற்கான விண்ணப்பத்தை இரண்டாம் ஆண்டு முடிந்த பிறகு போடுவதில்லை; அந்த ஆண்டின் அக்டோபர், நவம்பரிலேயே போட்டுவிட வேண்டும். அதாவது விண்ணப்பம் போகும் நாளில் அவள் கையில் இருக்கப்போவது முதல் இரண்டு செமஸ்டர் மதிப்பெண்களும், கோடை விடுமுறையில் ஏதாவது படித்திருந்தால் அதுவும் மட்டுமே. இரண்டாண்டுப் படிப்பு என்று பெயர். எடை போடுவது பெரும்பாலும் முதலாண்டை வைத்துத்தான்.

பாடங்களின் சங்கிலியை நீ எளிதாகப் புரிந்துகொள்வாய். நிதிநிலைக் கணக்கியலை முடிக்காமல் மேலாண்மைக் கணக்கியலுக்குப் போக முடியாது. நுண்ணியல் பொருளியல், பேரியல் பொருளியல், புள்ளியியல், வணிகத்துக்கான நுண்கணிதம், வணிகச் சட்டம் ஆகியவை இவற்றோடு சேர்கின்றன. இவை தவிர ஆங்கிலக் கட்டுரை எழுதுதல், மேடைப் பேச்சு, தர்க்கச் சிந்தனை, ஆய்வகத்தோடு கூடிய அறிவியல், கலை, இன ஆய்வியல் என்று பொதுக் கல்விப் பாடங்கள் 34 யூனிட்டுக்கு வருகின்றன. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் இந்தப் பொதுப் பட்டியல் ஒன்றே என்பது பெரிய நிம்மதி. அதற்கு முன் படித்தவர்கள் இரண்டு பட்டியல்களை வைத்துக்கொண்டு அல்லாடினார்கள்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது 60 தாண்டிவிட்டதென்று முதல் நாள் இரவு நான் கலங்கிப்போனேன். மறுநாள்தான் ஒரு சூட்சுமம் தெரிந்தது. பொருளியல் பாடங்கள் வணிகத்துக்கும் கணக்காகின்றன, சமூக அறிவியல் பகுதிக்கும் கணக்காகின்றன. புள்ளியியல் கணிதப் பகுதியையும் நிரப்புகிறது. ஒரே பாடம் இரண்டு பேரேட்டில் ஏறுகிறது. இரட்டைப் பதிவு முறை என்று நீ கரும்பலகையில் எழுதுவது இதுவல்ல என்றாலும், எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. அப்படிக் கிடைத்த பத்து யூனிட் இடைவெளியில்தான் நுண்கணிதத்தையும், அவள் ஆசைப்பட்ட ஓவியத்தையும் பொருத்தியிருக்கிறோம்.

என் முதல் அட்டவணையில் ஒரு செமஸ்டருக்கு 18 யூனிட் போட்டிருந்தேன். கல்லூரி கவுன்சலர் அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது அவருடைய பண்பு. ஒரு யூனிட்டுக்கு வகுப்பில் ஒரு மணி, வீட்டில் இரண்டு மணி என்று வைத்தால், 15 யூனிட்டே வாரத்துக்கு 45 மணி நேர உழைப்பு. அதோடு பகுதிநேர வேலை வேறு. இரண்டாண்டில் முடிக்க 15 வேண்டும். முழுநேர மாணவர் என்ற தகுதிக்கு 12 போதும். முதல் செமஸ்டரில் 13 எடுத்துக்கொண்டு, குறைவதைக் கோடையில் ஈடுகட்டச் சொன்னார்.

அடுத்த தெருவில் இருக்கும் தமிழ்ப் பையன் ஒருவன் பிடித்த பாடங்களையெல்லாம் முதலில் படித்துவிட்டு, கணக்கியலைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளியிருந்தான். இரண்டாம் கணக்கியலுக்கு அவன் பதிவு செய்யப் போனபோது வகுப்பு நிரம்பிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் பதினோராவது ஆள். அந்த ஒரு பாடத்துக்காக இன்னும் ஆறு மாதம் உட்கார்ந்தான். அவன் அம்மா இதைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் கணக்கியல் என்றால் ஒரு பயம்.

சண்டையும் அங்கேதான். புள்ளியியல், நுண்ணியல் பொருளியல், ஆங்கிலம் மூன்றும் முதல் செமஸ்டருக்கு என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நான்காவதாக மேடைப் பேச்சு என்கிறாள் அவள். நிதிநிலைக் கணக்கியல் என்கிறேன் நான். தவறினாலும் திருப்பிப் படிக்க நேரம் இருக்கும் என்பது என் வாதம். விண்ணப்பத்தில் ஏறப்போகும் முதல் மதிப்பெண்களிலேயே சறுக்கினால் என்ன ஆகும் என்பது அவள் வாதம். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதை அவளிடம் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை; உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

அதனால்தான் இந்த நீண்ட கடிதம். பேரேடு என்றால் என்னவென்றே தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கணக்கியலை முதல் பருவத்திலேயே கொடுப்பாயா, அல்லது புள்ளியியலும் பொருளியலும் கொஞ்சம் படிந்த பிறகு இரண்டாம் பருவத்தில் கொடுப்பாயா? இத்தனை ஆண்டு வகுப்பறையில் நின்றவன் நீ. என்னைப் போல் அட்டவணை பார்த்துப் பேச மாட்டாய். எப்போது எடுத்தாலும், ஆகஸ்டில் வகுப்பு தொடங்குவதற்கு முன் நான்கைந்து சனிக்கிழமை உனக்கு வசதியான நேரத்தில் வீடியோவில் அவளுக்குக் குறிப்பேட்டுப் பதிவு மட்டும் சொல்லிக்கொடுக்க முடியுமா? அவளுக்குத் தமிழ் பேச வரும்; பற்று, வரவு என்றாலே புரிந்துகொள்வாள்.

பாடப் பதிவுக்கு அவளுக்குக் கிடைத்திருக்கும் நாள் ஜூலை 14. அதற்குள் உன் பதில் வந்தால் நல்லது. கடிதம் எழுத நேரமில்லை என்றால் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல். முழங்கால் வலிக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்