லிஸ்ட்ல ஊர் இருக்கு, தேடத்தான் வழியில்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் சீர்காழில சின்னதா ஒரு பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கேன், சர்டிபிகேட், ஸ்காலர்ஷிப், பேங்க் அப்ளிகேஷன்னு நாள் முழுக்க ஆன்லைன் ஃபார்ம் ஃபில் பண்றதுதான் வேலை. போன வாரம் ஒரு பாட்டிக்கு ஒரு ஃபார்ம் போட்டேன், பேரு வயசு அட்ரஸ் எல்லாம் ரெண்டு நிமிஷம், கிராமம் செலக்ட் பண்ண மட்டும் கால் மணி நேரம். லிஸ்ட் ஸ்க்ரோல் ஆகிட்டே போகுது, ஊர் பேரு 'கீழ'ன்னு ஆரம்பிக்கும், அத இங்கிலீஷ்ல கே ஈ ஈன்னு போட்டானா, கே ஐன்னு போட்டானா, ழவுக்கு இசட் ஹெச்சா இல்ல வெறும் 'எல்' எழுத்தான்னு எனக்கும் தெரியல, பாட்டிக்கு எங்க தெரியும்.

தொட்டா லிஸ்ட் விரியுற இந்த மாதிரி வெறும் செலக்ட் பாக்ஸ்ல எழுத்த தட்டுனா அந்த எழுத்துல ஆரம்பிக்கிற பேருக்குத்தான் போய் நிக்கும், பேருக்கு நடுவுல இருக்கறத தேடாது, கொஞ்சம் நிதானமா தட்டுனா அடுத்த எழுத்த புதுசா எடுத்துக்கிட்டு வேற எங்கயோ குதிச்சிடும். ஆன்ட்ராய்டு போன்ல அதுவும் கிடையாது, விரல் தேய தள்ளிக்கிட்டே இருக்கணும். எங்க ஊரையே எடுத்துக்குங்க, வெள்ளைக்காரன் காலத்துல 'ஷியாளி', அப்புறம் 'சிர்காளி', இப்ப இசட் ஹெச் போட்டு 'சீர்காழி'. மாவட்டமும் அப்படித்தான், 1991 வரைக்கும் தஞ்சாவூர், அப்புறம் நாகப்பட்டினம், 2020லேர்ந்து மயிலாடுதுறை. திருவாரூர டி ஹெச்ல தேடுறதா வெறும் டி ஐல தேடுறதான்னு சைட்டுக்கு சைட் மாறுது. 2020ல அரசாங்கமே 1,018 ஊர் பேருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க மாத்தி ஆர்டர் போட்டு, கொஞ்ச நாள்ல வாபஸ் வாங்குச்சு, அவங்களுக்கே அந்த கதின்னா நாம எந்த மூலைக்கு.

லிஸ்டுக்குள்ள தேடுற வசதி வெக்க பெரிய செலவெல்லாம் இல்லீங்க. வெப் பக்கம் எழுதுற ஹெச்டிஎம்எல் 5லயே டேட்டாலிஸ்ட்னு ஒரு டேக் இருக்கு, அது 2014லயே ஸ்டாண்டர்டா வந்தாச்சு, டைப் பண்ண பண்ண பொருந்துற பேர கீழ காட்டும். ஆனா அதுல லிஸ்ட்ல இல்லாத பேரையும் அடிச்சி அனுப்பிடலாம், அதனால ஃபார்ம் போய்ச் சேர்ற சர்வர்ல இன்னொரு தடவ செக் பண்ணியே ஆகணும். இல்லன்னா செலக்ட்2 மாதிரி ஒரு லைப்ரரி, அதாவது ரெடிமேட் கோட், போட்டா செலக்ட் பாக்ஸுக்குள்ளயே சர்ச் வந்துடும், நடு எழுத்த வெச்சும் தேடும். சில பேர் அழகா இருக்கட்டும்னு சொந்தமா ஒண்ணு செஞ்சு வெக்கிறாங்க, அதுல டேப் கீ, அம்புக்குறி கீ ஒண்ணும் வேல செய்யாது, ஸ்க்ரீன் ரீடர் வெச்சு படிக்கிற பார்வையில்லாதவங்களுக்கு சுத்தமா அடைச்ச கதவு, அதுக்கு பழைய பாக்ஸே தேவல.

முக்கியமா, ஒரே கிராமத்துக்கு தமிழ் பேரு, ரெண்டு மூணு ஸ்பெல்லிங், பின்கோடு எல்லாத்தயும் ஒரே கோட் நம்பர்ல சேத்து வைங்க. எத அடிச்சாலும் ஊர் வந்துடணும். ஆணா பெண்ணான்னு கேக்குற எடத்துக்கெல்லாம் சர்ச் பாக்ஸ் வேணாம், அதுக்கு ஒண்ண மட்டும் தொட்டு தேர்ந்தெடுக்கிற வட்டம், அந்த ரேடியோ பட்டன் போதும், ஆயிரக்கணக்குல கிராமமும் பேங்க் கிளையும் இருக்குற எடத்துலதான் கேக்குறோம்.

பாட்டி ஃபார்ம் கடைசில பக்கத்து ஊர் பேர்ல போயிடுச்சு, இப்ப அத திருத்துறதுக்கு இன்னொரு ஃபார்ம் போடணுமாம், அதுலயும் அதே லிஸ்ட்தான்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர்காரர்,
சீர்காழி.