இருபதில் ஒன்றை எடு

அன்புள்ள மகளுக்கு,

பச்சை குத்திக்கொள்ள ‘அஸ்டெக்’ படங்கள் என்று நீ அனுப்பிய இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை குத்திக்கொள்வதற்கு உன் அம்மா மறுப்புச் சொல்லவில்லை. முதல் படத்தில் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முகம் மட்டும் ஆகாது என்கிறாள். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். எனக்குக் கோடுகளைப் பற்றித்தான் கவலை.

இரண்டாவது படத்தை முதலில் தள்ளிவிடு. சாய்ந்து கிடக்கும் அந்த ராஜா அஸ்டெக்கே அல்ல. தெற்கு மெக்சிகோவின் பலெங்கே நகரை ஆண்டு 683-இல் இறந்த பகால்; மாயா என்ற வேறொரு மக்களின் மன்னன். அவன் கல்லறை மூடியில் செதுக்கிய உருவம் அது. பழைய மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகள், இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடத்தில் தங்கள் தலைநகர் டெனோச்டிட்லானை அமைத்ததே 1325 வாக்கில்தான். நடுவில் ஆறு நூற்றாண்டுகள் இருக்கின்றன. ‘அஸ்டெக்’ என்று பெயர் போட்டுக் கொடுத்தவரிடம் ஊசியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் படத்தில் இருப்பது சூரியக்கல், அஸ்டெக்குகள் செதுக்கிய பெரிய வட்டக்கல். 1790 டிசம்பரில் மெக்சிகோ நகரச் சதுக்கத்தைச் செப்பனிட்டபோது வெளிவந்தது. விட்டம் ஏறக்குறைய 3.6 மீட்டர், எடை 24 டன். 1885 வரை தேவாலயச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். இப்போது அங்குள்ள தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடு முகம் சூரியக் கடவுள் டொனாட்டியூ என்பார்கள். பூமித் தெய்வம் என்று வாதிடுபவர்களும் உண்டு. நாக்கு போலத் தெரிவது பலியிடும் கல்கத்தி. இரு பக்கமும் நகம் முளைத்த கைகள் ஆளுக்கொரு மனித இதயத்தைப் பற்றியிருக்கின்றன. இதை உன் அம்மாவிடம் விளக்கினேன். கோபம் கூடியதுதான் மிச்சம்.

முகத்தைச் சுற்றி நான்கு கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? நமக்கு முன்பு அழிந்த நான்கு உலகங்கள் அவை. ஒன்றை ஜாகுவார்கள் தின்றன. மற்றவை புயலாலும் நெருப்பு மழையாலும் வெள்ளத்தாலும் போயின. நாம் இருப்பது ஐந்தாவது. இது நிலநடுக்கத்தில் முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. இனி அந்த நான்கு கட்டங்களையும் நடு வட்டத்தையும் சேர்த்து வெளிக்கோட்டை மட்டும் விரலால் தொடர்ந்து பார். அதுவே ‘அசைவு’ என்ற நாளின் சின்னம், ஐந்தாம் உலகத்தின் பெயர். உள்ளே கதை, வெளிக்கோட்டில் அதன் முடிவு! இப்படி ஒரு அமைப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தோலில் இந்த வேலைப்பாடு எடுபடுவதற்குக் காரணம் தடித்த கோடும் மூடிய வடிவமும்தான். தோளின் உருண்டையில் வட்டம் தானாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அஸ்டெக்குகள் இதை உடம்பில் குத்திக்கொண்டதாக நினைத்துவிடாதே. அவர்களிடம் வண்ணம் பூசும் பழக்கம்தான் அதிகம் தெரிகிறது. சாம்பல் நிழலிட்ட இந்தப் பாணியை வளர்த்தவர்கள் நீ இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்சிகோ வம்சாவளியினர். சிறைகளில் கிட்டார் கம்பியை ஊசியாக்கி, கேசட் பிளேயர் மோட்டாரை வைத்து ஒற்றை ஊசியால் குத்தியவர்கள். 1970-களில் அது கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கடைகளுக்கு வந்தது. இழந்த டெனோச்டிட்லான் தங்களுடையது என்று சொல்ல அவர்களுக்கு அது ஒரு வழி. சில சிறைக் கும்பல்களும் அஸ்டெக் போர்க்கேடயம் முதலான சின்னங்களை எடுத்துக்கொண்டன. ஆகவே கேடயம் வேண்டாம்.

முழுக் கல்லும் வேண்டாம் என்பதுதான் என் யோசனை. நீ சொன்ன அளவில் வரைந்தால் நடுப்பகுதியைச் சுற்றிய வளையத்திலுள்ள இருபது நாட்சின்னங்களும் ஆளுக்கு நகத்தளவு வரும். மை வருடக்கணக்கில் பரவும். மானும் முயலும் ஒரே கறையாகிவிடும். இருபதில் ஒன்றை எடுத்து உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கு. 13 எண்களும் இந்த 20 சின்னங்களும் கலந்து வருவதுதான் அவர்களுடைய 260 நாள் கணக்கு. பிறந்த நாளே பிள்ளைக்குப் பெயராகவும் அமையும். உன் பிறந்த தேதிக்கு உரியதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். இரண்டு-முயல் என்று வந்தால் மட்டும் யோசி: அந்த நாளில் பிறந்தவர் குடிக்கு அடிமையாவார் என்று நம்பியதாக, 16-ஆம் நூற்றாண்டில் சாகூன் என்ற பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் குரங்கு. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் உரிய சின்னம்; உனக்குப் பொருத்தம்தான்.

குத்துபவர் வரையும் படத்தை முன்கூட்டியே எனக்கு அனுப்பு. வெளிக்கோடு உள்கோட்டைவிடத் தடிமனாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா