'இருக்கலாம்' என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மரபணு மாற்றுப் பயிர்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த இரண்டு கட்டுரைகளையும் படித்தேன். ஒன்று எல்லாமே விஷம் என்கிறது. மற்றது பயப்பட ஒன்றுமில்லை என்கிறது. தானியப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கப்பலில் வரும் மக்காச்சோளத்திலும் சோயாவிலும் மரபணு மாற்றம் இருக்கிறதா, இருந்தால் எது என்று பார்ப்பதுதான் என் வேலை. நல்லதா கெட்டதா என்று பேசுவதற்கு முன்னால், வந்திருப்பது எது என்று தெரிய வேண்டும் அல்லவா? அந்தக் கேள்வியை இரண்டு கட்டுரைகளும் தொடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மரபணு மாற்றியவை நாடு விட்டு நாடு போவதற்கென்று உலக அளவில் கார்ட்டஹேனா உயிரிப் பாதுகாப்பு நெறிமுறை என்ற ஒப்பந்தம் இருக்கிறது. 1999-இல் கொலம்பியாவின் கார்ட்டஹேனா நகரில் கூடிப் பேசினார்கள், ஒத்துவரவில்லை. அடுத்த வருஷம் ஜனவரியில் மான்ட்ரியலில் ஏற்றுக்கொண்டார்கள். 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. ஆனால் தானியத்தை அதிகமாக ஏற்றுமதி செய்யும் அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா நான்கும் அதில் இல்லை.

மரபணு மாற்றிய விதையை விதைப்பதற்காக முதல் தடவை அனுப்பினால், வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும். இது நல்ல விதி. அதே மக்காச்சோளத்தை உணவுக்கு, தீவனத்துக்கு, ஆலைக்கு என்று அனுப்பினால் அந்த நடைமுறை கிடையாது. 'மரபணு மாற்றப்பட்டவை இருக்கலாம்' என்று சரக்குக் காகிதத்தில் எழுதினால் போதும். 2006-இல் பிரேசிலின் குரிடிபாவில் உறுப்பு நாடுகள் கூடியபோது இதைக் கொஞ்சம் இறுக்கினார்கள். என்ன இருக்கிறது என்று தெரிந்தால் 'இருக்கிறது' என்றே எழுத வேண்டும், தெரியாவிட்டால் 'இருக்கலாம்', எப்படியானாலும் எந்தெந்த மாற்றங்கள் என்று பெயரும் குறியீடும் தர வேண்டும் என்றார்கள். என் மேஜைக்கு வந்த காகிதங்களில் 'இருக்கிறது' என்று நான் பார்த்தது அபூர்வம். பட்டியல் கேட்டால், ஏற்றுமதி செய்த நாட்டில் அனுமதி பெற்ற அத்தனையையும் வரிசையாக எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நான் எதைத் தேடுவது?

ஒரு சரக்கை என்னால் மறக்க முடியவில்லை. மாதிரி எடுத்து, அரைத்து, டிஎன்ஏ பிரித்து, தேடும் டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனையில் போட்டோம். காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த 35எஸ் என்ற துண்டைத்தான் முதலில் தேடுவோம், ஏனென்றால் நிறையப் பயிர்களில் அதைத்தான் சேர்த்திருப்பார்கள். அது கிடைத்தது. அப்படியென்றால் மாற்றம் உண்டு. எந்த மாற்றம் என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை செய்ய வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் அந்தப் பயிரின் ஒப்பீட்டு மாதிரி வேண்டும். கையில் இருந்த எதோடும் பொருந்தவில்லை. ஒன்றே ஒன்று பாக்கி, அதற்கு மட்டும் மாதிரி இல்லை. அதை உருவாக்கிய நிறுவனத்துக்கு மூன்று தடவை எழுதினேன். பதிலே வரவில்லை. கடைசியில் '35எஸ் உள்ளது, எந்த மாற்றம் என உறுதி செய்ய இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் தானியம் ஆலைக்குப் போய்விட்டது. செய்தவர்களுக்குத் தெரிந்த ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லையே என்று இன்றும் மனசு ஆறவில்லை.

இதெல்லாம் வாங்குபவரின் கவலை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் டிரிஃபிட் என்ற மரபணு மாற்று ஆளி விதை இருந்தது. ஐரோப்பியச் சந்தை போய்விடும் என்று பயந்து, அது வேண்டாம் என்று சொன்னவர்களே ஆளி பயிரிட்ட விவசாயிகள்தான். 2001-இல் அதன் பதிவை ரத்து செய்தார்கள். எட்டு வருஷம் கழித்து, 2009-இல், ஐரோப்பாவுக்குப் போன சரக்கில் அது தலைகாட்டியது. சந்தையை இழந்தது அதே விவசாயிகள். 2006-இல் அமெரிக்க அரிசியில் அனுமதி பெறாத எல்எல்601 என்ற மரபணு மாற்று ரகம் கலந்திருந்தது தெரியவந்தபோதும் அடி வாங்கியது நெல் விளைவித்தவர்கள். 2011-இல் அந்த ரகத்துக்குச் சொந்தமான பேயர் நிறுவனம் அவர்களுக்கு 75 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது.

அப்புறம், உணவு வேறு, விதை வேறு என்று பிரிப்பதே சரியா? 2002-இல் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகளில் பஞ்சம் வந்தபோது உதவியாக மரபணு மாற்று மக்காச்சோளம் போனது. ஜாம்பியா வேண்டாம் என்றது. அக்கம்பக்கத்து நாடுகள் சில, அரைத்துத் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றன. அரைக்காத மக்காச்சோளத்தை மண்ணில் போட்டால் முளைக்கும். பசியில் இருந்தபோதும் அதை யோசித்தார்கள்.

இப்போது மரபணுத் திருத்தம் வந்துவிட்டது. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், இருக்கும் மரபணுவிலேயே, அதன் டிஎன்ஏ வரிசையில் ஓர் எழுத்தை மாற்றுகிறார்கள். வெளி மரபணு இல்லையென்றால் இதை மரபணு மாற்றாகக் கருத வேண்டியதில்லை என்ற வழியை அர்ஜென்டினா 2015-இலேயே எடுத்தது. இதுவும் மரபணு மாற்றுப் பயிர்களுக்கான சட்டத்துக்குள்ளேயே வரும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018-இல் சொன்னது. யார் சொல்வது சரி என்பதை விடுங்கள். 35எஸ் போல வெளியிலிருந்து சேர்த்த துண்டு எதுவும் இல்லாத இடத்தில் எங்கள் வழக்கமான சோதனை எதையும் காட்டாது. அந்த ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தாலும், அது இயற்கையாக மாறியதா, மனிதர் மாற்றியதா என்று சொல்ல முடியாது. விளைவித்த இடத்திலிருந்தே உண்மை எழுதி வந்தால்தான் உண்டு.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எந்த நாட்டில் அனுமதி கேட்டாலும், கண்டறியும் முறையையும் ஒப்பீட்டு மாதிரியையும் எல்லா நாட்டு ஆய்வகங்களும் எடுத்துக்கொள்ளும்படி முதலில் ஒப்படைக்கட்டும், பிறகு கப்பல் ஏறட்டும். ஐரோப்பிய ஒன்றியம் தன்னிடம் அனுமதி கேட்பவரிடம் இதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் 0.9 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லேபிளில் எழுது என்று அவர்களால் சொல்ல முடிகிறது. அந்த பலம் இல்லாத சிறு நாடுகளுக்காகத்தான் உலக ஒப்பந்தமே.

சரக்குக் காகிதம் பற்றிய விதி அந்த நெறிமுறையின் 18-ஆவது பிரிவில் இருக்கிறது. அடுத்த முறை அதன் உறுப்பு நாடுகள் கூடும்போது, 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்லை எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று உங்கள் நிருபர் கேட்டு, வரும் பதிலை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தானியப் பரிசோதகர்