எங்கள் பிள்ளைகளுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

திருவாரூர் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் சின்னப் பயிற்சி மையத்தில் இந்தக் கல்வியாண்டு நல்லபடியாக முடிந்தது. உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. அவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார் (அந்த நேரத்தில் ரவிக்கை வாங்கப் போய்த் திரும்பியவர்கள் எங்களை மன்னிக்கவும்). பாடம் நடத்த அவரைக் கூப்பிடவில்லை, பிள்ளைகளோடு சும்மா பேசத்தான் கூப்பிட்டோம். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்த மாடு கன்று போட்டது, மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று எல்லாம் சைகையிலேயே ஓடும். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது கேட்கும். காது கேளாத பெரியவர் ஒருவரைக்கூடப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் உண்டு. ஒரு சிறுமி அவரிடம் கேட்ட முதல் கேள்வியே கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுதான். ஆகிவிட்டது, இரண்டு பெண்கள் என்று அவர் காட்டியதும், அவள் சட்டென்று தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவரும் சைகை பழக உட்கார்ந்துவிட்டார்.

சைகை பழகினால் பேச்சு வராது என்று பயந்த பெற்றோர் இருந்தார்கள். இது பழைய பயம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாட்டில் பள்ளிகளில் சைகை வேண்டாம் என்றே தீர்மானம் போட்டார்கள். 2010இல் கனடாவின் வான்கூவரில் அதே மாநாடு கூடியபோது அதை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தார்கள். உதட்டை மட்டும் பார்த்துப் படி என்று பிள்ளையிடம் சொல்வது சுலபம். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘பல்லி’, ‘மல்லி’ என்று சொல்லிப் பாருங்கள், வித்தியாசமே தெரியாது. பயந்தாலும் பிள்ளையை நிறுத்தாமல் அனுப்பிய பெற்றோருக்கு நன்றி. டில்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் காணொளி அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன. அதைத் தினமும் போட்டுக் காட்டத் தன் பழைய டேப்லெட்டைக் கொடுத்த கல்லூரித் தம்பிக்கும் நன்றி.

அப்புறம், எங்கள் இளைய ஆசிரியை. காலையில் வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு அ, இ, உ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்வார். கேட்டதும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட வேண்டும். நேற்றுவரை ‘ஸ்’ஸுக்குக் கொட்டை போட்டவன் இன்று போடவில்லையென்றால் அவன் காது மெஷினின் பேட்டரியைப் பார்ப்பார், அதன் குழாயில் வேர்வை கோத்திருக்கிறதா என்று பார்ப்பார். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம்மூரில் காது மெஷின் படாத பாடு படும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துக் கொடுத்த செருப்புக் கடைக்காரரை அதனால்தான் மறக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து காது அச்சு (மெஷினைக் காதுக்குள் பொருத்தும் துண்டு) எடுத்துக் கொடுத்த ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அம்மாவுக்கும் நன்றி. பிள்ளை வளர வளர அச்சு தளர்ந்து மெஷின் விசிலடிக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மெஷின்களைப் பையில் போட்டு அனுப்பியவர்களின் மனசு புரிகிறது. ஆனால் ஒருவர் மூக்குக்கண்ணாடி இன்னொருவருக்குச் சரிவராத மாதிரிதான் இதுவும். அடுத்த முறை பேட்டரியாகக் கொடுத்தால் உபயோகமாக இருக்கும்.

ஜூனில் மறுபடி திறக்கிறோம். கூப்பிட்டால் திரும்பாத குழந்தை உங்கள் தெருவில் இருந்தால், ‘பேச்சு லேட்டா வரும்’ என்று காத்திருக்க விடாமல் பரிசோதனைக்கு அனுப்பி வையுங்கள். காக்ளியர் அறுவை சிகிச்சை (உள்காதில் கேட்கும் கருவி பொருத்துவது) தேவைப்பட்டால், ஆறு வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது.

அன்புடன்,
மையத்தின் ஆசிரியர்கள்