சாப்பர் ஹாக்கெட்டின் கதையைச் சொல்ல உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் வாசகர் வட்டத்தில் சாப்பர் (இராணுவப் பொறியியல் படையின் சிப்பாய்) வில்லியம் ஹாக்கெட் பற்றி நான் ஆற்றிய உரையைப் பலர் மனம்விட்டுப் பாராட்டினீர்கள். அதில் பெரும்பங்கு வேறு சிலருக்குச் சேர வேண்டியது. அவர்களைச் சபையறியச் சொல்லிவிடுவதே முறை.

உரைக்கு வர இயலாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஹாக்கெட் நாட்டிங்ஹாமில் பிறந்தவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவத்தின் 254ஆவது சுரங்கக் கம்பெனியில், அதாவது எதிரியின் நிலைகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் படைப்பிரிவில் சேர்ந்தார். 1916 ஜூன் 22 அதிகாலையில், பிரான்சின் ஜிவான்ஷி கிராமத்தருகே ஜெர்மானியர் வைத்த நிலத்தடி வெடி வெடித்தது. சுமார் நாற்பதடி ஆழத்தில் ஹாக்கெட்டும் இன்னும் நால்வரும் அடைபட்டார்கள். 20 மணி நேர உழைப்புக்குப் பிறகு, சரிந்த மண்ணுக்கும் முறிந்த மரங்களுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையுமளவு வழி பிறந்தது. மூவரை அவர் வெளியே அனுப்பினார். நான்காமவன் தாமஸ் காலின்ஸ், வெல்ஷ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 22 வயதுப் பையன், பலத்த காயத்துடன் அசைய முடியாமல் கிடந்தான். அவனை விட்டுவிட்டு வர ஹாக்கெட் மறுத்துவிட்டார். "நான் சுரங்கக்காரன், முதலில் மற்றவர்களைத்தான் கவனிக்க வேண்டும்" என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. வழி கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி, கடைசியில் முழுவதும் சரிந்தது. மேலும் நான்கு நாட்கள் தோண்டியும் பயனில்லை. இருவரும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

முதல் நன்றி, கோலார் தங்க வயலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். களிமண்ணில் தோண்டும் வேலை தனக்குத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. முட்டுக் கொடுத்த மரம் உடைவதற்கு முன் முனகும், அதைக் கேட்டு நகரத் தெரிந்தவனே பிழைப்பான் என்றார். மேசை மேல் தீப்பெட்டிகளை அடுக்கி, ஒரு குச்சியை உருவிக் காட்டினார். சுற்றிச் சரியும்போது ஒருவன் எதற்காகக் காத்திருப்பான் என்று கேட்டேன். "கீழே இறங்கிய பிறகு பக்கத்தில் இருப்பவன்தான் தம்பி உனக்குச் சொந்தம்" என்றார். மேடையில் நான் சொன்னவற்றில் உருப்படியானது அந்த ஒரு வரிதான்.

அடுத்து, லீல் நகரில் வசிக்கும் நண்பருக்கும் அவர் துணைவியாருக்கும். விடாத மழையில் என்னை ஜிவான்ஷிக்குக் காரில் அழைத்துப்போனார்கள். அங்கே 2010இல் திறக்கப்பட்ட சுரங்க வீரர் நினைவுச்சின்னம் இருக்கிறது. திரும்பும் வழியில் நெவ் ஷாப்பேலில் உள்ள இந்திய வீரர் நினைவிடத்துக்கும் வண்டியைத் திருப்பியவர் நண்பர்தான். காரணம் இருந்தது. 1914 டிசம்பர் 20 அன்று இதே ஜிவான்ஷிப் பகுதியில் இந்தியப் படையின் பதுங்குகுழிகளுக்கு அடியில் ஜெர்மானியர் பத்துச் சிறு வெடிகளை வெடித்தார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் இராணுவம் விழித்துக்கொண்டு, 1915 பிப்ரவரியில் சுரங்கக் கம்பெனிகளை உருவாக்கத் தொடங்கியது. மான்செஸ்டரில் பாதாளச் சாக்கடை தோண்டியவர்களைத் தேடிப் பிடித்தார்கள். பலகையில் சாய்ந்து, கால்களால் மண்வெட்டியை உந்திச் சத்தமில்லாமல் களிமண்ணை அறுத்தெடுப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. இந்தத் தொடர்பை நண்பர் எடுத்துக் கொடுக்காவிட்டால் நான் கடந்து போயிருப்பேன்.

லண்டனில் இருக்கும் அக்கா மகள், பழைய இராணுவ நாட்குறிப்புகளின் கிறுக்கல் கையெழுத்தைப் பொறுமையாகப் படித்துத் தட்டச்சு செய்து அனுப்பினாள். கண்ணு, உனக்கு மாமா கடன்பட்டிருக்கிறேன்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். இது அவருக்குப் போய்ச் சேரப்போவதில்லை. ஹாக்கெட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குப் போன அவருடைய கடிதங்களை எழுதித் தந்தவர் உடன் பணியாற்றிய எவான்ஸ் என்ற சாப்பர். மனைவி ஆலிஸுக்குக் கணவரின் குரல் அந்தக் கைவழியாகத்தான் எட்டியது. ஹாக்கெட்டுக்காக அரசர் வழங்கிய, பிரிட்டனின் மிக உயர்ந்த போர் வீர விருதான விக்டோரியா கிராஸையும் அந்த ஆலிஸ்தான் பெற்றுக்கொண்டார். தளபதிகளின் நினைவுக் குறிப்புகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. எவான்ஸ் போன்றவர்கள் இல்லையென்றால் இந்த மாதிரி மனிதர்களைப் பற்றி நாலு வரிகூட மிஞ்சியிருக்காது.

மண்டபத்தை இலவசமாகத் தந்த நூலகருக்கும், மின்விசிறி நின்றுபோன பிறகும் எழுந்து போகாத அனைவருக்கும் நன்றி. கடைசி வரிசையில் இருந்த மாணவி, "வயதானவரை எப்படி இராணுவத்தில் எடுத்தார்கள்?" என்று கேட்டாள். அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொன்னேன். முழுப் பதில் இதோ: வயதைக் காட்டி காலாட்படை அவரை மூன்று முறை திருப்பி அனுப்பியது. சுரங்கக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது தோண்டத் தெரிந்த கை, அதனால் 1915 அக்டோபரில் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது அவருக்கு 42 வயது.

உரையின் அச்சுப் பிரதிகள் இன்னும் சில இருக்கின்றன. வேண்டுவோர் நூலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
வாசகர் வட்டத்தில் உங்களில் ஒருவன்