களரியில் நடந்தது

அன்புள்ள செல்வா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. நம் சேக்காளி டைகர் தன் ரப்பர் தோட்டத்தை விற்கப் போவதாகத் திரும்பவும் கிளம்பியிருக்கிறான்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியில் சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், நான் கத்துவேன், பேச்சு நின்றுபோகும். இதை நீ முழுசாகக் கேட்க வேண்டும்.

பொங்கலுக்கு மகன் அருண் வந்திருந்தான். சென்னையில் படிக்கப் போன இடத்தில் அடி, உதை, பிடி எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டை பழகும் ஒரு ஜிம்மில் சேர்ந்துவிட்டான் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் பார்த்தது அவன் இடது காதைத்தான். மேல்மடல் தடித்து, மடிப்பெல்லாம் மறைந்து, தொட்டால் கட்டியாக இருக்கிறது. தரையில் கட்டிப் புரளும்போது காது உரசி உரசி உள்ளே ரத்தம் கட்டும், அதை எடுக்காமல் விட்டால் அப்படியே இறுகிவிடும் என்று சாதாரணமாகச் சொல்கிறான். அவன் அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் நமக்கு அடிமுறை சொல்லிக் கொடுத்த ஆசானைப் பார்க்கக் களரிக்குக் கூட்டிப் போனேன். வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டான், ஆசானும் தலையில் கை வைத்தார். பையன்கள் விடுவார்களா? "அண்ணே, ஒரு கை பாப்பம்" என்று பிடித்துக்கொண்டார்கள். நம் தபால்காரர் மகன்தான் இப்போது களரியில் முதல் ஆள். எட்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வருகிறான். அவன் காலடி வரிசையான சுவடு வைத்து இறங்கினால் உன்னையும் என்னையும் போல நாலு பேரை நிறுத்திப் பாடம் நடத்தலாம், அப்படி ஒரு சுத்தம். ஆசான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முகத்துல அடி வேண்டாம். விழுந்தவன் தரையத் தட்டினா விட்டுரணும்" என்று ஒத்துக்கொண்டார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை செல்வா. பையன் வீசிய கைக்குக் கீழே அருண் குனிந்து போனான், இரண்டு தொடையையும் சேர்த்துப் பிடித்தான், தோளை வயிற்றில் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்துவிட்டான். அடுத்த முறை பையன் உஷாராக நின்றான். அருண் அடிக்கிற மாதிரிக் கையைக் காட்டினான், பையன் தடுக்கக் கை தூக்கினான், திரும்பவும் அதே பிடி. விழுந்ததும் கையை முதுகுப் பக்கம் மடக்கிப் பூட்டிவிட்டான். பையன் தரையைத் தட்டும்போது களரியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஓரத்தில் இருந்து எவனோ, "ஆசானே, ரெண்டு பேருக்கும் கம்பு குடுங்க, அப்பம் தெரியும்" என்று கத்தினான். ஆசான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "கம்பு எதுக்குடே? கேட்டது வெறுங்கை. வெறுங்கைக்குத்தான் பதில் சொல்லணும்."

எனக்கு இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மகன் ஜெயித்துவிட்டானே என்ற சந்தோஷம் துளியும் வரவில்லை. தபால்காரர் மகனுக்கு என்ன குறை? உடம்பில் வலு இருக்கிறது, வேகம் இருக்கிறது, அருணைவிட அதிக வருஷம் படித்திருக்கிறான். யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அந்த எட்டு வருஷமும் அவன் மேல் வந்த ஒவ்வொரு அடியும் சொல்லிவிட்டு வந்த அடி. எதிராளி வலது கையை ஓங்குவான், இவன் தடுப்பான், எதிராளி அந்த இடத்திலேயே நின்று பூட்டுப் போட விடுவான். விழ மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒருவனை அவன் ஒரு நாளும் பிடித்ததில்லை. அருணோ வாரத்தில் பாதி நாள் அதை மட்டும்தான் செய்கிறான்.

உனக்கு ஒரு ஜப்பான்காரர் கதை சொல்ல வேண்டும். ஜிகோரோ கானோ. பழைய ஜுஜுட்சுப் பள்ளிகளில் முறையாகப் படித்தவர். 1882இல், இருபத்திரண்டு வயது நிறைவதற்குள், டோக்கியோவில் ஒரு கோயில் அறையில் பன்னிரண்டு பாய் விரித்துத் தன் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் ஜூடோ. அவர் செய்த காரியத்தைப் பார். ஆளை முடமாக்கக்கூடிய முறைகளை எல்லாம் தனியே எடுத்து, ஜோடியாகச் செய்து பழகும் வரிசைகளில் பத்திரமாக வைத்தார். முழு பலத்தோடு செய்தாலும் எதிராளி எழுந்து வீட்டுக்குப் போகக்கூடிய முறைகளைத் தினசரிப் பயிற்சிக்கு வைத்தார். மாணவர்கள் ராண்டோரி என்ற பேரில் தினமும் உண்மையாகவே ஒருவரை ஒருவர் தள்ளி விழுத்தினார்கள். ஆபத்து குறைந்த முறைதான், ஆனால் நூறு பேர் மேல் முழு வேகத்தில் செய்து பார்த்தது. ஆபத்தான முறையோ யார் மேலும் முழுசாகச் செய்து பார்க்கவே முடியாதது. இதில் எது அவசரத்துக்குக் கை கொடுக்கும், நீயே சொல்.

அவர் பள்ளியில் வந்த மயேதா என்பவர் 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரிடம் படித்த கார்லோஸ் கிரேஸியின் குடும்பம் அதைத் தரைச் சண்டையாக வளர்த்தது. 1951இல் ஜப்பானிலிருந்து கிமுரா என்ற ஜூடோ வீரர் ரியோவுக்குப் போய், அந்தக் குடும்பத்து ஹீலியோ கிரேஸியின் கையை மடக்கித் தோற்கடித்தார். தோற்ற பக்கத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பூட்டுக்கு ஜெயித்தவர் பேரையே வைத்துத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அது கிமுராதான். அருண் நம் களரியில் போட்டதும் அதுவேதான். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, செல்வா. தோல்வியை இவ்வளவு மரியாதையாக வாங்கிக்கொண்டவர்கள் வளராமல் என்ன செய்வார்கள்? 1993இல் அமெரிக்காவில் டென்வரில் யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. போட்டி முதன்முதலாக நடந்தது. எடைப் பிரிவு கிடையாது, கடிக்கக் கூடாது, கண்ணைக் குத்தக் கூடாது, அவ்வளவுதான் விதி. குத்துச்சண்டை, சுமோ, கராத்தே என்று எட்டுப் பேர் இறங்கினார்கள். ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேஸி, பார்க்க ஒல்லிதான், ஒரே ராத்திரியில் மூன்று பேரையும் தட்ட வைத்துவிட்டார்.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும். "வர்மத்துல ஒரு தட்டு தட்டினா எந்த யு.எஃப்.சி.யும் நிக்காது." அன்றைக்கு டைகர் கல்யாணத்தில் அரை மணி நேரம் இதைத்தான் பேசினாய், மக்கா. வர்மப் புள்ளிகளில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்ற தொடுவர்மம் 96 என்று எனக்கும் மனப்பாடம்தான். ஆனால் அசையாமல் படுத்திருக்கிறவன் மேல் புள்ளியைக் காட்டுவது ஒன்று. குனிந்து பாய்ந்து உன் காலைப் பிடிக்க வருகிறவன் மேல், அந்த அரை நொடியில், விரல் அகலப் புள்ளியில் சரியான அளவில் இறக்குவது வேறு. அந்த இரண்டாவதைச் செய்ய எங்கே பழகினோம்? சீனாவில் 2017இல் ஷூ ஷியாவ்தாங் என்ற எம்.எம்.ஏ. ஆள் ஒரு தாய் ச்சி மாஸ்டரைச் சில நொடிகளில் தரையில் சாய்த்தார். நாடே கொதித்தது. கொதித்தவர்களில் அதிகம் பேர் திட்டியது ஜெயித்தவரைத்தான். நாமும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

பழைய கலை எல்லாம் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. லியோட்டோ மச்சிடா அப்பாவிடம் சின்ன வயதிலிருந்தே ஷோட்டோகான் கராத்தே படித்தவர். கராத்தே எம்.எம்.ஏ.வுக்கு ஆகாது என்று எல்லோரும் முடிவு கட்டிய காலத்தில், 2009இல் அந்தக் கராத்தே நடையோடுதான் யு.எஃப்.சி. பட்டம் வாங்கினார். 2011இல் ராண்டி கூட்டூரை அவர் எகிறி முன்னங்காலால் உதைத்துச் சாய்த்ததைப் பார்த்தால் நீ நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாய். நம் நாட்டுப் பூஜா தோமர் சீனச் சண்டைக் கலையான வூஷுவில் தேசிய சாம்பியன். 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண். இவர்கள் படித்ததும் பழைய கலையிலிருந்து வந்ததுதான். ஆனால் திருப்பி அடிக்கிற ஆள் மேல் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? சிலம்பத்துக்கு நல்ல காலம்தான், மறுக்கவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள், ஊருக்கு ஊர் வகுப்பு நடக்கிறது. ஆனால் கூட்டம் எல்லாம் கம்பு சுற்றுகிற பக்கம்தான். சாதனை என்று சொல்லிச் சின்னப் பிள்ளைகளை வெயிலில் மணிக்கணக்காகச் சுற்ற விடுகிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறார்கள், பெற்றோர் போட்டோ எடுக்கிறார்கள். எதிராளியைக் கம்பால் தொட்டு மோதும் தொடுமுறைக்கு இறங்கச் சொன்னால் "அடி படுமே" என்று பின்வாங்குகிறார்கள். கம்பு எதற்கு வந்தது? எதிரே இருக்கிறவன் வீசுகிற கம்பை ஏமாற்றி உள்ளே போய்த் தொடத்தானே? நம் காலத்தில் முழங்கை வீங்காமல் எவன் வீட்டுக்குப் போனான்?

அருணைப் பற்றியும் கவலை இருக்கிறது, இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். காது போனால் போகிறது. தலையில் வாங்குகிற அடிதான் எனக்குப் பயம். பயிற்சியில் ஒரு முறை உதை வாங்கி அரை நாள் தலை கனத்துக் கிடந்தானாம். என்னிடம் சொல்லாமல் ஆசானிடம் சொல்லியிருக்கிறான். ஆசான் கண்ணைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், தலை கனம் முழுசாகப் போகாமல் யார் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது, டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினார். அந்த ஜிம்மில் இப்படிக் கேட்க ஒரு ஆள் இல்லை. சண்டைக்குத் தயார் செய்ய ஆள் இருக்கிறது, அடிபட்டால் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. அடிமுறையோடு, அடிபட்டவனைத் தேற்றும் இளக்குமுறையும் தெரிந்தால்தான் ஆசான் என்று நம் ஊரில் வைத்திருந்தார்களே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அதோடு, ஆசான் வயதில் அங்கே பாயில் இறங்குகிறவர் ஒருவரும் இல்லை என்கிறான் அருண்.

ஆசான் செய்ததைக் கேள். மறுநாள் காலையிலேயே அருணுக்கு ஆள் அனுப்பினார். "நேத்துப் பிடிச்ச மாதிரி என்னப் பிடிடே" என்றார். அவன் தயங்கினான், நானும் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அருண் மெதுவாக இறங்கிப் பிடித்தான். "நில்லு, அப்படியே நில்லு" என்று சொல்லிக்கொண்டே ஆசான் குனிந்து அவன் இடுப்பையும் பின்னங்காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். கடைசியில், "இடுப்பு உள்ள வந்தப்புறம்தான் கை வருது. நம்ம பயலுவளுக்குக் கை முதல்ல போகுது" என்றார். காலை வாருகிற ஒரு பழைய சுவடு இருக்கிறது, அதில் இதே இறக்கம் உண்டு என்று செய்து காட்டினார். அருண் அதை வீடியோ எடுத்துக்கொண்டான். தபால்காரர் மகன் இரண்டு நாள் வராமல் இருந்தான், ஆசானே வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்துவிட்டார்.

இப்போது முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுவடு கிடையாது, பிடிச்சண்டை மட்டும். பதினாறு வயசுக்குக் கீழே தலையில் அடி இல்லை. மாதம் ஒரு முறை தொடுமுறை, தலைக்கவசத்தோடு. அருண் லீவுக்கு வரும்போதெல்லாம் சொல்லிக் கொடுப்பான்.

உன்னால் ஆக வேண்டிய காரியம் இதுதான். மண் தரையில் தினமும் விழ முடியாது. ஜூடோவுக்குப் போடுகிற கெட்டி பாய், 40 மில்லிமீட்டர் கனம், இருபதுக்கு இருபது அடி இடத்துக்கு வேண்டும். கோயம்புத்தூரில் உன் கடைக்குப் பக்கத்திலேயே ஸ்போர்ட்ஸ் சாமான் மொத்த வியாபாரம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாய். விலை கேட்டு எழுது, லாரி வாடகையையும் சேர்த்து. டைகர் பாதி தருகிறேன் என்கிறான், வாய் வார்த்தையாக இல்லாமல் பணத்தைக் கொடுத்தே விட்டான். பல் கவசமும் ஒரு டஜன் பார். மார்ச் முடிவதற்குள் வந்துவிட்டால் பரீட்சை லீவில் ஆரம்பித்துவிடலாம்.

ஏப்ரலில் நீ வரும்போது இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருக்கிற மாதிரி லீவு போடு. ஆசான் "அந்தப் பூட்டுப் போடுத பய எங்கடே?" என்று கேட்டார். உன் பூட்டுகளை அருண் மேல் போட்டுப் பார்க்க வேண்டுமாம், அவன் கையை இழுக்க இழுக்க. முழங்கால் பட்டையை மறக்காதே.

அன்புடன்,
ராஜன்