கேபிளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு டேட்டாவை ஏற்று

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. கொழிஞ்சாம்பாறையில் காற்று ஆரம்பித்துவிட்டது. தென்னந்தோப்புப் பக்கம் நடக்கவே பயமாக இருக்கிறது, மட்டை விழுந்துகொண்டே இருக்கிறது. பெரியவள் இங்கேயே தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் வழக்கம்போல் பாலக்காட்டுக்கு பஸ்ஸில் போய் வருகிறேன்.

சரி, உன் லினக்ஸ் சர்வரில் ஸ்டோரேஜை, அதாவது டிஸ்குகள் இருக்கும் தனிப் பெட்டியை, ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் இணைக்கும் மல்டிபாத் பற்றிக் கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். சர்வரில் ஃபைபர் போர்ட் 2, நடுவில் ஸ்விட்ச் 2, ஸ்டோரேஜில் கன்ட்ரோலர் 2 என்று எழுதியிருந்தாய். போர்ட்டுக்கு ஒரு ஸ்விட்ச் என்று இணைத்து, ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலருக்கும் கேபிள் போனால் மொத்தம் 4 பாதை. அதனால் ஒரே டிஸ்க் எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று நாலு பெயரில் தெரியும். நம் ஊரிலிருந்து கோயம்புத்தூருக்கு வாளையார் வழியாகவும் போகலாம், வேலந்தாவளம் வழியாகவும் போகலாம், அது மாதிரிதான். நாலும் வேறு வேறு டிஸ்க் என்று நினைத்து எதையும் ஃபார்மட் செய்துவிடாதே. டிஸ்கின் அடையாள எண் நாலிலும் ஒன்றாகவே இருக்கும், அதைப் பார்.

மல்டிபாத் சர்வீஸை ஓடவிட்டால் நாலையும் சேர்த்து, டெவ் ஃபோல்டரில் இருக்கும் மேப்பர் ஃபோல்டருக்குள் எம்பாத்ஏ என்பது போல ஒரே பெயர் கொடுக்கும். அந்தப் பெயர் சர்வருக்கு சர்வர் மாறலாம். ஆகவே கான்ஃபிக் ஃபைலில் அடையாள எண்ணோடு நீயே ஒரு பெயர் வைத்துவிடு. இனி எதைச் செய்தாலும் அந்தப் பெயரில்தான். உன் டிஸ்க் 4 டிபி (டெராபைட்) என்பதால் ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் போடு, அதாவது டிஸ்கைப் பகுதி பிரி; பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் தாங்காது. பார்ட்டிஷன் போட்டதும் மேப்பரில் தெரியவில்லை என்றால் கேபார்ட்எக்ஸ் கமாண்டை ஓட்டு, வந்துவிடும்.

பூட் ஆகும்போது எந்த டிஸ்கை எங்கே மவுண்ட் செய்வது (இணைப்பது) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், யூயுஐடி எனும் ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணை எழுதலாமா என்று கேட்டிருந்தாய். நான் எழுத மாட்டேன். நாலு பாதையிலும் அதே யூயுஐடிதான் தெரியும். பூட் ஆகும்போது மல்டிபாத் தயாராகும் முன்பே ஒற்றைப் பாதை ஒன்று மவுண்ட் ஆகிவிட வாய்ப்பு உண்டு. அப்படி ஆனால் வெளியில் ஒன்றும் தெரியாது, எல்லாம் ஓடுவது போலவே இருக்கும். அந்தக் கேபிள் போகிற அன்றைக்குத்தான் டேட்டாபேஸ் விழும். மேப்பர் பெயரையே எழுது.

பாதை எல்லாமே போய்விட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் முடிவு செய்துவிடு. முடிவில்லாமல் காத்திருக்கச் சொன்னால் டிஸ்கைத் தொட்ட ப்ராசஸ் எல்லாம் அப்படியே நின்றுவிடும், கொல்லவும் முடியாது. 5 விநாடிக்கு ஒரு முறை என 12 தடவை முயலட்டும், ஒரு நிமிடம் போதும்.

அப்புறம், டேட்டாவை ஏற்றும் முன்பு அந்த டிஸ்குக்குப் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி போட்டுவிட்டு, அது ஓடும்போதே ஒரு கேபிளைப் பிடுங்கு. காப்பி கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர வேண்டும். மல்டிபாத் காட்டும் பட்டியலில் அந்தப் பக்கத்துப் பாதைகள் ஃபெயில்ட் என்று மாற வேண்டும். திரும்பச் சொருகினால் ஆக்டிவ் ஆக வேண்டும். அடுத்த கேபிளுக்கும் இதையே செய். இதைச் செய்யாத மல்டிபாத்தை நான் நம்புவதே இல்லை.

பார்ட்டிஷன் போடும் முன்பு மல்டிபாத் காட்டும் பட்டியலை அப்படியே எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்